ஓய்வெடுத்த குளிர்பெட்டி

பக்கீர் முகமதுவின் மகள் சித்திகா பாசியிலிருந்து கரண்ட் எடுக்கிறாள் என்று 2006-ஆம் வருஷம் பம்மல் ஷேர் ஆட்டோக்களில் ஒரு பேச்சு ஓடியது. ஆட்டோக்காரர் குமரேசன் அவளிடமே கேட்டுவிட்டார்: "இன்னாம்மா, எங்க வூட்டுக்கும் ஒரு லைன் இழுத்து வுடேன். மீட்டர் வாணாம்."

விசாரித்துப் பார்த்தால் கால்வாசி உண்மை. சித்திகா பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. அனகாபுத்தூர்க் குட்டையில் அள்ளிவந்த பச்சைப் பாசியை வளர்த்து, அதிலிருந்து ஃபெரிடாக்சின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தாள். வெயில் பட்டதும் பாசிக்குள் கிளம்பும் எலக்ட்ரானை அது ஒவ்வொன்றாக வாங்கும். வாங்கியதை மடியில் முடிந்துகொள்ளாமல் அடுத்த ஆளிடம் கொடுத்துவிடும். நம் ஆபீஸ்களில் காணக் கிடைக்காத குணம். அதற்குள்ளே இரண்டு இரும்பணு, இரண்டு கந்தக அணு. புரதத்தின் நான்கு கொக்கிகள் அவற்றைப் பிடித்திருக்கும். அந்தக் கொக்கிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று எக்ஸ்ரே படமெடுக்க வேண்டும். அதற்குப் புரதம் படிகமாக வேண்டும்.

இரண்டு வருஷம் அது மசியவில்லை. செப்டம்பரில், ஒரே ஒரு தட்டில், செங்கல் நிறத்தில் கற்கண்டுத் தூள் போல ஏழு படிகங்கள் வந்தன. குளிர்பெட்டியில் நாலு டிகிரியில் வைத்தாள். அடுத்த வாரம் வெளியூரில் எக்ஸ்ரே எடுக்க முறை கிடைத்திருந்தது. உதவித்தொகை டிசம்பரோடு சரி. மறுபடி பாசி வளர்த்துப் பிரிக்க எட்டு மாதம் ஆகும்.

ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை. லேபில் சனிக்கிழமை சாயங்காலமே வைத்துக்கொண்டார்கள். அது ரம்ஜான் மாதம். நோன்பு திறக்க வீடு போய்ச் சேர வேண்டும் என்று சித்திகா மூன்று மணிக்கே கிளம்பினாள்.

"பெட்டியத் தொறந்துடாதீங்கண்ணா," என்றாள் அட்டெண்டர் தனக்கோடியிடம்.

"நான் தொறப்பனாம்மா?"

திறக்கவில்லை. சொன்ன சொல் தவறாத மனுஷர்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியின் கதவில் மூன்று சந்தனக் கோடுகள், நடுவில் குங்குமம், கைப்பிடியில் சாமந்தி. எப்போதும் கேட்கும் உறுமல் மட்டும் இல்லை.

"அண்ணா, யாரு சுவிட்ச ஆஃப் பண்ணது?"

"நாந்தான். பூஜையில வெச்ச சாமான விஜயதசமி வரைக்கும் வேலை வாங்கக்கூடாதும்மா. பாவம், வருஷம் பூரா ஓடிகினு கீது. இதோ போட்டுர்றேன்."

தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். ஏழு படிகமும் கரைந்து கலங்கிய சொட்டாகியிருந்தன. செங்கல் நிறம் வெளுத்திருந்தது. நிறம் போனால் இரும்பும் கந்தகமும் கொக்கியை விட்டுக் கழன்றுவிட்டன என்று அர்த்தம்.

வழிகாட்டிப் பேராசிரியர் சுந்தரராமனிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அந்தப் பெட்டிக்குக் கற்பூரம் காட்டினதே நான்தாம்மா. ஆஃப் ஆயிருக்குன்னு தெரியாது."

"எக்ஸ்ரே தேதி, சார்?"

"கேன்சல் பண்ணி மெயில் போட்டுடு."

"காரணம்?"

"பவர் ஃபெயிலியர்னு எழுது."

எழுதினாள். பக்கத்தில் வந்து நின்ற தனக்கோடிக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

"அதுக்கு உசுரு கீதாம்மா?"

"இல்லண்ணா."

"அப்பால எப்டிம்மா செத்துச்சு?"

அவள் திட்ட வாயெடுத்தாள், அதற்குள் அவர் ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். பொரி, கடலை, வெல்லம். "உன் பங்கு. நீ படைச்சத துன்ன மாட்டேன்னு, படைக்கறதுக்கு மின்னியே எடுத்து வெச்சேன்."

வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வது?

வீட்டில் அம்மா டப்பாவைக் கழுவினாள். "வெறும் டப்பாவ திருப்பித் தரக்கூடாது. நாளைக்கு நோன்புக் கஞ்சி ஊத்தித் தர்றேன், கொண்டு போ."

"இன்னொரு நாள்மா."

பெருநாள் பிரியாணிக்கும் அதே பதில்தான். டிசம்பர் வந்து உதவித்தொகை நின்றது. சித்திகா லேபுக்குப் போவதும் நின்றது. அடியில் தனக்கோடியின் மனைவி பெயர், கோகிலவாணி என்று வெட்டியிருக்கும் அந்த டப்பா இன்னும் பம்மலில்தான் இருக்கிறது.