நொலீனின் இரண்டு பரீட்சைகள்

ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரான வார்னம்பூலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நொலீனின் குரலுக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. கடைசி வரிசையில் எவனாவது எழுந்து நின்றால், பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தபடியே "உக்காருடா!" என்பாள். நின்றவன் உட்காருவான்; ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களும் இன்னும் கொஞ்சம் நன்றாக உட்காருவார்கள். இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓடியது. நாற்பத்தொன்பதாவது வயதில் முதுகெலும்பில் வட்டு விலகி, இனி நாள் முழுக்க ஓட்டுநர் இருக்கையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைகளில் கடற்கரை மைதானத்து நாய்ச் சங்கத்துக்குப் போவது அவள் வழக்கம். அங்கே எல்லோரும் சொல்வார்கள்: "நாய் பழக்குறதையே தொழிலா எடுத்துக்கயேன். உன் சத்தத்துக்குக் குதிரையே படுத்துரும்." அதை நம்பித்தான், நாய் பழக்கக் கற்றுக்கொடுக்கும் லாரிசாவிடம் ஒரு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். லாரிசாவுக்கு வயது முப்பத்தொன்று. மெல்லிசான குரல், எதற்கும் அவசரப்படாத பெண்.

முதல் நாள் நாயே இல்லை. மேஜைமேல் ஒரு பழுப்புக் கோழி நின்றது. எதிரே ஒரு சிவப்பு வட்டும் ஒரு நீல வட்டும்.

"சிவப்பைக் கொத்த வைங்க, நொலீன்" என்று லாரிசா சொல்லி, கையில் கிளிக்கரைக் கொடுத்தாள். அழுத்தினால் 'டக்' என்று சத்தம் போடும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி. "சரியா செய்யற நொடியில ஒரு டக். உடனே ஒரு வாய் தானியம். அவ்வளவுதான்."

"கோழியா? நான் நாய் பழக்க வந்தேன் கண்ணு."

"நாய் உங்களுக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கும். கோழி பண்ணாது."

நொலீன் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, பழக்கதோஷத்தில், "கொத்துடி!" என்றாள். கோழி மேஜையிலிருந்து குதித்து அறையின் மூலைக்கு ஓடிவிட்டது.

மூன்று நாள் அந்தக் கோழி அவளைப் பாடாய்ப் படுத்தியது. அது கொத்திவிட்டுத் தலையைத் தூக்கிய பிறகுதான் அவள் விரல் அழுத்தியது. ஆகவே கோழி தலையைத் தூக்கக் கற்றுக்கொண்டது. மேஜை நடுவில் நின்று, ராணி மாதிரி தலையைத் தூக்கித் தூக்கிக் கூலி கேட்டது. அந்த வாரம் முழுக்க நொலீன் சமையலறையில் டென்னிஸ் பந்தைக் கீழே போட்டு, அது தரையைத் தொடும் நொடியிலேயே 'டக்' என்று அழுத்திப் பழகினாள். அடுத்த திங்கட்கிழமை கோழி சிவப்பு வட்டைக் கொத்தியது. பதினெட்டு தடவை, ஒரு தடவைகூடத் தவறாமல். முதல் நாளுக்குப் பிறகு தன் குரலை உயர்த்தவே இல்லை என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

அதன் பிறகு வேலை அவள் கைக்குப் படிந்துவிட்டது. மற்றவர்கள் தொட அஞ்சும் நாய்களையெல்லாம் அவளிடம் கொண்டுவந்து விட்டார்கள். எட்டு மாதத்தில் முதல் பரீட்சை வந்தது. மைதானத்தில் ஐந்து நாய்களும் அவற்றின் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். அவள் ஒரு வகுப்பு நடத்த வேண்டும், லாரிசா ஓரமாக நின்று மதிப்பெண் போடுவாள்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் டெஸ் மல்கேஹி. நாற்பது வருடம் பால்பண்ணை வைத்திருந்தவர். அவருடைய மாடு மேய்க்கும் நாயின் பெயர் ஸ்பானர். நீலம் பூத்த உடம்பு, பீரங்கிக் குண்டு மாதிரி பாயும். டெஸ்ஸின் மனைவி மொய்ராவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு முறை ஸ்பானர் பாசத்தோடு பாய்ந்து அவரைக் கீழே தள்ளிவிட்டது. இன்னொரு தடவை தள்ளினால் நாயை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று பிள்ளைகள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

மைதானத்தில் டெஸ் நாயின் கழுத்து வாரை வெட்டி வெட்டி இழுத்தார். ஸ்பானர் எதிரில் வருகிறவர்கள்மேலெல்லாம் எகிறியது. நொலீனுக்குக் கை துறுதுறுத்தது. "இங்க குடுங்க" என்று வாரை வாங்கினாள். நான்கே நிமிடம். ஆட்கள் பக்கத்தில் உரசிக்கொண்டு போக, ஸ்பானர் அவளையே பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

லாரிசா அவளுக்குத் தேர்ச்சி தரவில்லை.

"நாய் உட்கார்ந்துச்சா இல்லையா?" என்று நொலீன் கொதித்தாள்.

"உங்களுக்கு உட்கார்ந்துச்சு. சாயங்காலம் டெஸ் கதவைத் திறக்கும்போது யாருக்கு உட்காரும்?"

நொலீன் கிளிக்கரைச் சட்டைப் பையில் திணித்தாள்.

"அந்த நாலு நிமிஷமும் டெஸ் என்ன பண்ணிட்டிருந்தார்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

மூன்றாம் நாள் டெஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வா டிரைவரம்மா" என்றார் டெஸ். "உன் கையில ஏதோ மந்திரம் இருக்கு. வீட்டுக்கு வந்ததும் இவன் பழையபடிதான்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருஷம் மாடு கட்டினவன் நான். அன்னிக்கு நீ வாரைப் புடுங்கினப்போ, இந்தாளுக்கு ஒரு நாயைக்கூட வெச்சுக்கத் தெரியலன்னு ஊரே பாத்துச்சு."

"தப்பு என்னோடது, டெஸ்" என்றாள் நொலீன். "இன்னொரு வாய்ப்பு குடுங்க. வாரைத் தொடவே மாட்டேன்."

டெஸ்ஸின் கட்டைவிரல் தடிமன். கிளிக்கர் எப்போதும் பிந்தியே அடித்தது. ஸ்பானர் பாயும்போதெல்லாம் அவர் "கீழ! கீழடா!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளினார். நாய்க்கு அது நல்ல மல்யுத்தமாக இருந்தது. நொலீனின் கை தானாக எழுந்தது. அதைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பிறகு ஒரு யோசனை தோன்றியது.

"டெஸ், இப்ப நீங்கதான் நாய். மொய்ரா, நீங்க பழக்குங்க. பேசக் கூடாது, டக் மட்டும்தான். அவரை என்ன செய்ய வைக்கணும்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

மொய்ரா அவள் காதில், "டீக்குக் கெட்டிலை வைக்கணும்" என்று கிசுகிசுத்தார். பிறகு கிளிக்கரை வாங்கிக்கொண்டு, "நாப்பத்தாறு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன்" என்றார்.

டெஸ் சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மொய்ராவின் 'டக்' ஒரு நொடி பிந்தியதில், பிரிட்ஜைத் திறப்பதுதான் தன் வேலை என்று நினைத்து ஆறு தடவை திறந்து மூடினார்.

"என்ன வேணும்னு சொல்லித் தொலையேன், மொய்ரா!"

"நாய் பேசாதுய்யா."

கடைசியில் கை கெட்டிலில் பட்டபோது 'டக்' சரியாக விழுந்தது. டெஸ் முகம் மலர்ந்துபோய் நின்றார். உடனே அந்த முகம் மாறியது. நாயைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ நான் கீழ கீழன்னு கத்தும்போது, இவனுக்கும் இப்படித்தான் ஒண்ணும் புரியாம இருந்திருக்கு, இல்ல?"

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் நொலீன் அங்கே போனாள். நான்கு கால்களும் தரையில் இருந்தால் 'டக்', ஒரு துண்டு சாசேஜ். பாய்ந்தால் டெஸ் சிலையாக நிற்பார், வேறொன்றும் இல்லை. நான்காம் வாரம் போன் வந்தது.

"மறுபடி பாய்ஞ்சுட்டான். மொய்ரா சோபாமேல விழுந்ததால தப்பிச்சா. போதும் டிரைவரம்மா. இவனை அனுப்பிடறேன்."

நொலீன் பதறாமல் கேட்டாள். "நீங்க எப்படி உள்ள வந்தீங்க?"

"எங்க ஃபுட்பால் டீம் ஜெயிச்சுச்சு. கத்திக்கிட்டே வந்தேன்."

"அப்ப அவன் அமைதியான டெஸ்ஸுக்குத்தான் பழகியிருக்கான். கத்தற டெஸ்ஸுக்கும் பழக்கணும்."

அடுத்த இரண்டு வாரமும் நொலீன் தன் பஸ் குரலை எடுத்து, கோல் விழுந்தது போலக் கூவிக்கொண்டே அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். பத்தாம் நாள் அவள் எவ்வளவு கூவினாலும் ஸ்பானர் உட்கார்ந்து டெஸ்ஸின் முகத்தையே பார்த்தது.

இரண்டாவது பரீட்சையன்று கடற்காற்று ஆளைத் தள்ளியது. மொய்ரா கைத்தடியோடு மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். ஸ்பானரின் முதுகு நடுங்கியது, வால் புல்லைக் கூட்டியது, ஆனால் பின்புறம் தரையை விட்டு எழவில்லை. டெஸ்ஸின் தடித்த விரல் சரியான நொடியில் அழுத்தியது. மொய்ரா குனிந்து நாயின் காதைத் தடவினார். நொலீன் ஐந்தடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

வேடிக்கை பார்த்த ஒரு பெண் அவளிடம், "நீங்க ஒண்ணுமே பண்ணலையே" என்றாள்.

"ஆமாம்" என்றாள் நொலீன்.

லாரிசா தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நொலீனின் தோளை அழுத்தினாள்.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஸ்பானர் இன்றும் மல்கேஹி வீட்டில்தான் இருக்கிறது. நொலீனிடம் வருகிறவர்கள் அவள் குரலை நம்பி வருவதில்லை. அவர்களில் அந்தக் குரலைக் கேட்டவர்களும் குறைவு. போன செவ்வாய்க்கிழமை ஒரு நர்ஸ், பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற வேட்டை நாய் ஒன்றைக் கூட்டி வந்தாள். வாழ்நாளெல்லாம் கூண்டிலும் ஓடுதளத்திலும் இருந்த நாய். மாடிப்படியைப் பார்த்ததே இல்லை. நர்ஸ் கையில் கிளிக்கரோடு முதல் படியில் உட்கார்ந்திருக்க, நொலீன் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம் போயிற்று. நாய் ஒரு முன்னங்காலைத் தூக்கி, யோசித்து, படியில் வைத்தது.

"இப்ப" என்றாள் நொலீன், மெதுவாக.