உதட்டை மட்டும் அசை

இரண்டாம் உலக யுத்தம் முடியாத வருஷங்களில் ஒன்று. தூத்துக்குடியில் கன்னியர் நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வயது இருபது. ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். தலைமைக் கன்னியர், நாங்கள் மதர் என்று கூப்பிடுகிறவர், அந்த ஒரு வரியை மறக்கவில்லை. மூன்றாம் நான்காம் வகுப்புகளிலிருந்து பதினெட்டுப் பிள்ளைகளைப் பிரித்து என்னிடம் ஒப்படைத்தார். கிறிஸ்துமஸ் பூசைக்கு அவர்கள் கோயிலில் பாட வேண்டும். அதுவரை அந்தக் கோயிலில் பெரியவர்கள் மட்டுமே பாடிவந்தார்கள்.

பிள்ளைகளில் பாதிப்பேர் திரேஸ்புரத்துக்காரர்கள். அப்பாமார் மீன் பிடிப்பார்கள், இல்லையென்றால் கடலுக்கடியில் மூழ்கிச் சங்கு எடுப்பார்கள். முதல் நாள் நான் பாட்டே எடுக்கவில்லை. மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள் என்றேன். இழுத்தார்கள். ஒருத்தியும் வெளியே விடவில்லை. கன்னம் உப்ப, ஓரக்கண்ணால் அடுத்தவளைப் பார்த்தபடி நின்றார்கள். சங்கு குளிக்கிற வீடுகளில் மூச்சு என்றால் அடக்குவதற்கு உள்ளது. கடைசிவரை தாக்குப்பிடித்தவள் எட்டு வயதுள்ள ஓர் ஒல்லிப் பெண்.

"எங்கப்பா இதவிட ரொம்ப நேரம் இருப்பாவ, டீச்சர்" என்றாள், இளைத்துக்கொண்டே.

உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து, சூடு படும்படி மெல்ல விடச்சொன்னேன். அது படிவதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. பிறகுதான் மாதா பாட்டு ஒன்றை ஆரம்பித்தேன். நாலே வரி.

அந்த ஒல்லிப் பெண்ணுக்குச் சுருதி சேரவில்லை. குரல் தடித்து, கீழே ஒரே இடத்தில் நின்றது. கரையிலிருந்து வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகிய குரல். பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் குரலும் அவள் சுருதிக்கே சாய்ந்தது. தனியாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். தான் சரியாகப் பாடுவதாகவே அவள் நினைத்தாள். ஒருநாள் மதர் வாசலில் நின்று பாட்டைக் கவனித்து, "யாரது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன்.

"ஏளா, இனி நீ சத்தம் விடாத. உதட்ட மட்டும் அசை. பாக்கிறவங்களுக்கு நீ பாடுத மாதிரியே இருக்கும்."

"எல்லாருமா, டீச்சர்?"

"நீ மட்டும்."

"சரி, டீச்சர்."

வீட்டுப்பாடம் செய்வதுபோல அதை அக்கறையாகச் செய்தாள். மற்ற எல்லாரையும்விட வாயை நன்றாகத் திறந்தாள். பாட்டு ஒழுங்குக்கு வந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும்.

கார்த்திகை மாதத்தில் அவளுடைய அப்பா இறந்துபோனார். மூழ்கி எழுந்தவர் வள்ளத்தில் ஏறிப் படுத்திருக்கிறார். கரை வந்து சேருமுன் மூச்சு நின்றுவிட்டது. மறுநாள் அடக்கம். மகளோடு படிக்கிற பிள்ளைகள் பாட வேண்டும் என்று அவள் அம்மா கேட்டனுப்பினாள். எங்களிடம் இருந்தது மாதா பாட்டு ஒன்றுதான். அதுவே போதும் என்றார் மதர்.

கோயிலில் அவள் அம்மாவோடுதான் இருப்பாள் என்று நினைத்தேன். நான் ஆர்மோனியத்தைத் திறந்ததும் அவள் எழுந்து வந்து, இரண்டாம் வரிசையில் தன் இடத்தில் நின்றாள். யாரும் தடுக்கவில்லை. பாட்டு தொடங்கியது. அவள் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு பிசகாமல் அசைந்தது. கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. சத்தம் மட்டும் வரவில்லை.

நான் அதைப் பார்த்தேன். ஒரு தலையசைப்பில், பாடு என்று சொல்லியிருக்கலாம். பங்குச் சாமியார் முன்னால் பாட்டு கெட்டுவிடுமே என்ற பயத்தில் குனிந்து கட்டைகளைப் பார்த்துக்கொண்டேன். நாலு வரியை இரண்டு முறை பாடி முடித்தோம்.

எட்டாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா எனக்குப் பாய் விரித்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மா, எம்மவ அவ அப்பாவுக்குப் பாடுனாளா? எல்லாப் பிள்ளைய சத்தமும் ஒண்ணா வந்துச்சு. இவ சத்தம் எதுன்னு எனக்குப் பிடிபடல."

அந்தப் பெண் சுவரோரம் நின்று என்னைப் பார்த்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்தது. அதனால்தான் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லம்மா. சத்தம் விடக்கூடாதுன்னு நாந்தான் சொல்லியிருந்தேன்."

அம்மா கோபப்படவில்லை. "வள்ளம் கர அணையுதப்ப இவ கூப்பிடுத சத்தந்தான் மொதல்ல கேக்கும்னு இவ அப்பா சொல்லுவாவ" என்றாள்.

நான் சிறுமியைக் கிட்டே அழைத்தேன். "இனி நீ வாய்விட்டே பாடு."

"தப்பா வந்தா?"

"வரட்டும். நான் கூட இருந்து சரி பண்ணுதேன்."

அவள் யோசித்தாள். "அப்போ அன்னைக்கே பாடியிருக்கலாமா, டீச்சர்?"

"பாடியிருக்கலாம்" என்றேன். சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அதற்குமேல் அங்கே உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இனி அவளும் சத்தமாகப் பாடுவாள் என்று மதரிடம் போய்ச் சொன்னேன். கிறிஸ்துமஸ் பூசை கெட்டுப்போகும் என்றார். அப்படியானால் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. கடைசியில், "செய்யுங்கள்" என்றார்.

அந்த வாரம்தான் இன்னொன்று விளங்கியது. என் குரலுக்கு வசதியான சுருதியிலேயே அத்தனை நாளும் வாசித்திருக்கிறேன். இரண்டு கட்டை இறக்கி வாசித்தபோது பாட்டில் பாதியை அவள் தொட்டுவிட்டாள். மீதியைத் தொடவில்லை. கிறிஸ்துமஸ் பூசையில் இரண்டு இடத்தில் அவள் குரல் தனியே துருத்தி நின்றது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாசிப்பை நிறுத்தவில்லை.

இன்னும் இரண்டு வருஷம் அவள் எங்களோடு பாடினாள். பிறகு அம்மாவோடு மீன் விற்கப் போக வேண்டியிருந்ததால் பள்ளிக்கூடத்தை விட்டாள். வளர்ந்தபின் அவள் கல்யாணம் பெரியதாழையில் நடந்தது. என்னைத் தேடிவந்து கூப்பிட்டாள். போனேன், சாப்பிட்டேன், அவள் பிடித்துவைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்றாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். டீச்சர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.