மூன்றாவது வட்டம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட என்னை விட்டால் ஆள் கிடையாது. பொய். எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியும். நான் ஆறாவதோடு நின்றவன். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். வீடியோ பார்த்து, திரையில் எந்த இடத்தைத் தொடவேண்டும் என்று மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

நெட்டுக்குப்பத்தில் என் பக்கத்து வீட்டு அக்கா மீன் விற்பவர். ஒருநாள் மகனின் லேப்டாப்பைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. மகன் போன வருஷம் கடலுக்குப் போனவன். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

"தொறக்கவே மாட்டேங்குது நைனா. அவன் போட்டோலாம் இதுலதான் கீது. மொத வருசம் வருது, பேனரு அடிக்கணும்."

"இன்னாக்கா நீ, லினக்ஸ் போட்டா பறக்கும்."

லினக்ஸில் மின்ட் என்ற வகைதான் என் கைக்குப் பழகியது. ஆனால் இந்த மெஷினுக்கு மெமரி குறைவு. மின்ட் போட்டால் எண்ணூர் ரோட்டு டேங்கர் லாரி மாதிரி நகரும். அதனால் லுபுண்டு என்ற லேசான வகையைத் தேர்ந்தெடுத்தேன். மெஷினுக்குள் போடாமலே, பென்டிரைவிலிருந்தே திறந்துகொண்டது. முதல் போட்டோவிலேயே படகு முனையில் சிவப்பு பனியனோடு சிரித்துக்கொண்டு நின்றான் பையன். அக்கா திரையைத் தடவினார். ஒரு மீன் செதில் அதில் ஒட்டிக்கொண்டது.

அப்போதே போட்டோவை நகலெடுத்துக் கொடுத்திருக்கலாம். செய்தால் நான் நானில்லையே!

"இருக்கா, உள்ளயே போட்டுத் தரேன். பென்டிரைவே வேணாம்."

"போட்டோ பூடாதே?"

"எங்கைலயா? நீ போய் டீ போடு."

"சரிடா இஞ்சினீரு."

முதல் திரையில் மொழிப் பட்டியல். அதில் தமிழும் இருந்தது. இஞ்சினியர் தமிழில் எழுத்துக்கூட்டினால் மானம் போகாதா? இங்கிலீஷைத் தொட்டேன். அடுத்து, எங்கே போடுவது என்று கேட்டு வரிசையாகச் சின்ன வட்டங்கள் வந்தன. மின்டில் மூன்றாவது வட்டத்தைத் தொட்டால் பழையதை விட்டுவிட்டு, காலி இடத்தை நாமே காட்டலாம். இதிலும் மூன்றாவதையே தொட்டேன். முடிந்ததும் போட்டோ இருந்த ஃபோல்டரைத் தேடினேன். ஃபோல்டரே இல்லை. டீ வந்தது.

"ஆச்சா நைனா?"

"தேடிகினு கீதுக்கா."

மறுநாள் அதே திரையைத் தமிழில் திறந்து எழுத்துக்கூட்டினேன். மூன்றாவது வட்டம், எல்லாவற்றையும் அழி.

விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மீட்கப் பார்த்தேன். ஒரே ஒரு படம், அதுவும் பாதி வந்தது. மேலே வானம். அவன் நின்ற இடமெல்லாம் வெறும் சாம்பல் நிறம்.

மூன்று வாரமாக அக்கா வியாபாரம் முடிந்து வரும்போதெல்லாம் கேட்கிறார். நானும் தேடிகினு கீது என்றே சொல்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று பழகிப் பார்க்கத்தான் முதலில் உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பாதிப் படத்தைக் காட்டிவிட்டு, அக்கா, நான்தான்...

"டேய் இஞ்சினீரு! பேனருகாரன் வாசல்ல நிக்கிறான். போட்டோவ எட்துகினு வெளிய வாடா!"

"தோ வரேங்கா."