தடைக்காலத்தில் பறந்த கதை: பியத்ராயிதாவிலிருந்து ஆவிலா வரை

ஸ்பெயினில் பாராகிளைடிங் செய்ய எப்போது போகலாம், எங்கே தங்கலாம் என்று கேட்டு நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்காக இந்தப் பதிவு. கேட்காதவர்களும் படிக்கலாம், இதில் பாதிதான் பறத்தல். மீதிப் பாதி என் வீட்டுக்காரர்.

2013-ல் நான் மாட்ரிட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். இரண்டு வருட ஒப்பந்தம், ஆகஸ்டில் முடிகிறது. முந்தைய வருடம் அங்கேயே ஒரு பள்ளியில் பாராகிளைடிங் கற்று உரிமமும் வாங்கியிருந்தேன். என் வீட்டுக்காரர் சேவியர் எங்கள் ஊரான கடியப்பட்டணத்திலேயே இருந்தார். குளச்சலிலிருந்து போகும் ஆழ்கடல் தூண்டில் படகில் அவருக்குத் தொழில். நம் மேற்குக் கரையில் ஜூன் பாதியிலிருந்து ஜூலை கடைசி வரை தடைக்காலம், படகுகள் கரையில் கிடக்கும். ஸ்பெயின் மலைகளில் தொலைதூரம் பறக்க நல்ல பருவமும் அதேதான். மனிதருக்கு வராமலிருக்கச் சாக்கு சொல்ல வழியில்லாமல் போயிற்று. விசாவுக்காகச் சென்னைக்கு இரண்டு நடை நடந்து, ஜூன் 20-ம் தேதி மாட்ரிட்டில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தால் ஆறு கிலோ கருவாடு. அந்த வாசனையோடுதான் ஐந்து வாரமும் ஓடியது.

எனக்கு ஒரே ஓர் ஆசை. பியத்ராயிதா என்ற சிற்றூரின் மேலே இருக்கும் பென்யா நெக்ரா மலையிலிருந்து கிளம்பி, வியாதோரோ கணவாயைத் தாண்டி, கோட்டை மதில் சூழ்ந்த ஆவிலா நகரம் வரை பறக்க வேண்டும். நேர்கோட்டில் 57 கி.மீ. பழகிய கைகளுக்கு இது சாதாரணம். எனக்கு அதுவரை மிக நீண்ட பறத்தல் 14 கி.மீ. அந்தக் கோடையில் முடியாவிட்டால் பிறகு இல்லை என்று நன்றாகத் தெரியும். நம் ஊரிலும் மலை உண்டு, காற்றும் உண்டு. ஆனால் ஆரல்வாய்மொழிக் காற்றில் இறக்கையை விரித்தால் திருநெல்வேலியில் போய்த்தான் நம்மைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

மாட்ரிட்டிலிருந்து பியத்ராயிதா 170 கி.மீ., காரில் இரண்டு மணி நேரம். ஊருக்கு வெளியே சமையலறையோடு ஒரு அறை எடுத்தோம், நாளுக்கு 30 யூரோ. மலை உச்சிக்கு வேன் போகும், ஆளுக்கு 5 யூரோ, 25 நிமிடம். வேன் ஓட்டுநர் மிகேல் காலையில் எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் ஒரு மணிக்கு முன்னால் காற்று விழிக்காது என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடுவார். அவர் சொன்னது சரி. முதல் நாள் பதினொரு மணிக்கே போய் நின்று வெயிலில் காய்ந்தோம்.

சேவியருக்கு வேலை, நான் எங்கே இறங்கினாலும் காரில் வந்து ஏற்றிக்கொள்வது. வலப்பக்கமாக ஓட்டுவது இரண்டு நாளில் பழகிவிட்டது. ரவுண்டானாவை மட்டும் அவர் கடைசி வரை நம்பவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று சுற்றித்தான் வெளியே வருவார்.

மூன்றாம் நாள் பெரிய அதிர்ஷ்டம். கணவாய்க்குச் சற்று முன்னால் ஒரு பாறைமேட்டுக்கு மேல் அருமையான வெப்பக் காற்று கிடைத்தது. சூடான நிலத்திலிருந்து காற்று தூண் போல எழும்பும், அதற்குள் வட்டமடித்தால் அது நம்மையும் தூக்கிக்கொண்டு போகும். பத்து நிமிடத்தில் தொள்ளாயிரம் மீட்டர் ஏறினேன். உடம்பெல்லாம் சிரிப்பாக இருந்தது. ஆனால் நேரமாகிவிட்டதால் திரும்பி வந்து இறங்கினேன். அந்த இடத்தைப் பற்றி சேவியரிடம் சொன்னதும் நோட்டை எடுத்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் கடலுக்கடியில் ‘பார்’ எனப்படும் மீன் கூடும் பாறையை, கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். ஒரு கோயில் கோபுரம் ஒரு மலையின் மடிப்புக்கு நேராக வர வேண்டும், வேறொரு பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு வேறொரு குன்றுக்கு நேராக வர வேண்டும். இரண்டு கோடும் சேருகிற இடம்தான் பார். இதற்குக் கணியம் என்று பெயர். ஜிபிஎஸ் வந்த பிறகும் சேவியருக்குக் கணியத்தில்தான் நம்பிக்கை. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: ஒரு கிராமத்துத் தேவாலய மணிக்கூண்டு, அதன் பின்னால் மலையின் பள்ளம், மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் பைன் காட்டின் விளிம்பு.

"இனி தேடண்டாம் கேட்டியா, நேரா அங்க போ. பாரு எங்கயும் போவாது" என்றார்.

நானும் கடற்கரைப் பெண்தானே, எனக்கும் அது வேதவாக்காகப் பட்டது. மறுநாள் மற்றவர்கள் எல்லாரும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்க, நான் மணிக்கூண்டையும் பள்ளத்தையும் ஒரே கோட்டில் பிடித்து, தொட்டியையும் காட்டையும் சேர்த்து, அம்பு மாதிரி போய் நின்றேன். அங்கே ஒன்றுமில்லை. கீழே இறங்கிக்கொண்டே போய் ஓர் அறுத்த கோதுமை வயலில் உட்கார்ந்தேன். அடுத்த நாளும் அதே வயல். இரண்டு வாரத்தில் ஐந்து முறை அதே வயலில் இறங்கினேன். வயலுக்குச் சொந்தக்காரர் ஐந்தாம் முறை எனக்கு ஒரு முலாம்பழம் கொடுத்தார். மிகேல் வேனில் வருகிறவர்களிடமெல்லாம், இந்த அம்மா அந்த வயலை வாங்கப் போகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. விடுப்பு கரைந்துகொண்டிருந்தது, கணவாய் நின்ற இடத்திலேயே நின்றது.

ஐந்தாம் முறை, பழத்தை மடியில் வைத்துக்கொண்டு காருக்காகக் காத்திருந்தபோது அதைப் பார்த்தேன். பாறைமேட்டின் அடியிலிருந்து வைக்கோல் தும்பு சுழன்று எழும்பியது. நேராக மேலே போகவில்லை. காற்று தள்ளிய பக்கமாக, வடகிழக்கே சாய்ந்து சாய்ந்து போயிற்று. வெகுதூரம் தள்ளி, கிட்டத்தட்ட அடுத்த ஊருக்கு மேலே, நாலு கழுகுகள் அதே தூணில் வட்டமிட்டன. நான் போய்ப் போய் நின்ற இடத்துக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டராவது இருக்கும். முதலில் தூண் பிடித்த அந்த மூன்றாம் நாள் காற்று ஓய்ந்திருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சேவியர் வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பாருக்கு மேல நின்னு தூண்டில் போட்டா நூலு நேராவா இறங்கும்?"

அவர் காரிலிருந்து இறங்காமலே கழுகுகளைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். நீரோட்டம் நூலை இழுக்கும் என்று கணக்குப் போட்டு, பாரிலிருந்து தள்ளித்தான் படகை நிறுத்துவார்களாம். இருபது வருடமாகத் தினமும் செய்கிற வேலை. "அத நான் இங்க வந்து மறந்துட்டேனே ஏட்டி" என்றார். நோட்டில் கணியத்துக்குப் பக்கத்தில், காற்றின் வேகத்தைப் பார்த்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். முலாம்பழத்தை அங்கேயே வெட்டித் தின்றோம்.

ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மதியம் 1.40-க்குக் கிளம்பினேன். பாறைமேட்டை அடியில் விட்டு, காற்றுப் போக்கில் எண்ணூறு மீட்டர் தள்ளிப் போனேன். ஏற்றத்தைச் சொல்லும் கருவி கீச்சிடத் தொடங்கியது. வட்டம், வட்டம், இன்னும் வட்டம். 3,400 மீட்டரில் விரல்கள் விறைத்தன. கீழே வியாதோரோ கணவாய் ஒரு கையளவு பள்ளமாகக் கிடந்தது, அதற்குள் எங்கள் வாடகைக் கார் வர வேண்டிய சாலை. தாண்டிவிட்டேன் என்று தெரிந்ததும் வானத்தில் தனியாக இருந்து கத்தினேன். அந்தப் பக்கம் அகன்ற சமவெளி, மஞ்சள் வயல்கள், ஒவ்வொரு வயலும் எனக்காகவே சூடேறிக் காத்திருந்ததாகத் தோன்றியது. 4.50-க்கு ஆவிலாவின் மேற்கு ஓரத்தில், மதிலைப் பார்த்தபடி இறங்கினேன்.

அதன் பிறகுதான் தப்பு செய்தேன். சேவியரோடு பேசும் ரேடியோ கணவாயைத் தாண்டும் முன்பே செத்துவிட்டது. பறக்கும்போது அணைத்து வைத்திருந்த கைபேசியை எடுத்துச் செய்தி அனுப்ப வேண்டும். நானோ இறக்கையை மடித்தேன், படம் எடுத்தேன், வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பெரியவர்களுக்குக் கதை சொன்னேன், அவர்கள் வாங்கிக் கொடுத்த எலுமிச்சைச் சோடாவைக் குடித்தேன். சேவியர் நினைவுக்கு வந்தபோது மணி 6.20.

நான் அழைத்தபோது அவர் கணவாயின் பியத்ராயிதா பக்கம் ஒவ்வொரு வயலாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓடைகளில்கூட எட்டிப் பார்த்திருக்கிறார். முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். சட்டை நனைந்திருந்தது, முள் கிழித்த கை. திட்டுவார் என்று நினைத்தேன். என் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கல்யாணமாகி எட்டு வருடம் எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான். படகு கரைக்கு வந்ததும் எனக்குச் சொல்ல மாட்டார். மீனை இறக்கி, ஏலம் முடித்து, டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார். படகு வந்த செய்தி பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கரைக்கு வந்தாச்சுல்ல, பிறகென்ன பயம் என்பார்.

அன்றைக்கு மதிலையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "நான் இந்த ஒண்ணரை மணிக்கூறு பட்டதத்தான் நீ எட்டு வருஷமா பட்டுட்டு இருந்தியா?"

ஆமாம் என்றேன். அப்புறம் இரண்டு பேரும் சோடா குடித்தோம்.

போகிறவர்களுக்கு: ஜூன் கடைசியும் ஜூலையும் சிறந்தவை. தண்ணீர் இரண்டு லிட்டர், தடித்த கையுறை, கணவாயைக் குறைந்தது 2,500 மீட்டரில் தாண்டும் பொறுமை, மூன்றும் வேண்டும். உள்ளூர்க்காரர் துணை இல்லாமல் முதல்முறை போக வேண்டாம். ஏற்றிக்கொள்ள வருகிறவருக்கு நல்ல மதியச் சாப்பாடு கொடுங்கள், உங்களைவிட அவருக்குத்தான் வேலை அதிகம். கால் தரையில் பட்டதும், இறக்கையை மடிப்பதற்கு முன்னால், முதலில் செய்தி அனுப்புங்கள்.

ஆகஸ்டில் ஊர் திரும்பினேன். அதன் பிறகு அவர் முதல் தடவை கடலுக்குப் போன பதினோராம் நாள், விடியற்காலை, பக்கத்து வீட்டுக்காரி வருவதற்கு முன்பே என் கைபேசி ஒலித்தது. மீன் இன்னும் படகில்தான் இருந்திருக்கும். இரண்டே வார்த்தை: கரை பிடிச்சாச்சு.