இரண்டு நாள் காய்ந்த சோளத்தட்டை

“ஆவணி 12, செவ்வாய். போர் மோட்டார் அரை மணி நேரம் ஓடி, தண்ணீரில்லாமல் நின்றுவிட்டது. தீவனச் சோளத்துக்கு அண்ணன் மறுபடி யூரியா போட்டார்.” என் குறிப்பேட்டில் அன்று இவ்வளவுதான் இருக்கிறது. குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் சோளக்காட்டில் பயிர் முழங்கால் உயரத்தில் இலை சுருண்டு நின்றது. முதலில் போட்ட யூரியாவே கரையாமல் கிடந்தது.

21ஆம் தேதி ஒரே ஒரு மழை. ஆறே நாளில் சோளம் கருகருவென்று ஏறியது.

“இம்புட்டுப் பச்சைய நான் பாத்ததே இல்ல தம்பி. பயமா இருக்கு” என்றார் மதினி.

“வெளுத்தா அழுகுற, கருத்தா பயப்படுற. உனக்கு எந்த நிறத்துலதான் வேணும்?” என்றார் அண்ணன்.

வைக்கோல் தீர்ந்திருந்தது. பசு ஒன்பது மாதச் சினை. வாடி எழுந்த இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அறுத்து இரண்டு நாள் வெயிலில் போட்டால் விஷம் போய்விடும் என்பதும் தெரியும். நானும் அதைப் படித்திருந்தேன். “காயப்போட்டுட்டா ஒண்ணும் செய்யாது மதினி” என்று சொன்னவன் நான்தான்.

29, வெள்ளி. இரண்டு நாள் காயப்போட்ட தட்டையைக் காலையில் தின்ற பசு, மதியம் கால்கள் நடுங்கப் படுத்துவிட்டது. ஈறு பழுப்பாக இருந்தது. மாட்டு டாக்டரம்மா ஊசியில் எடுத்த ரத்தம் கடுங்காப்பி நிறம்.

“யூரியா எப்பப் போட்டீங்க?”

குறிப்பேட்டைப் பார்த்து இரண்டு தேதிகளையும் வாசித்தேன்.

“காயப்போட்டா போறது வேற விஷம் சார். இது நைட்ரேட். காஞ்சாலும் தட்டைக்குள்ளதான் இருக்கும். மண்ணுல கிடந்ததையெல்லாம் ஒரே மழையில பயிர் இழுத்துருச்சு.”

மதினி பசுவின் வயிற்றில் கை வைத்தபடியே இருந்தார். நரம்பில் நீல மருந்து ஏறியது. பொழுது சாயும்போது பசு எழுந்தது. “இன்னும் கன்னுக்குட்டி அசையலையே” என்றார் மதினி.

சனிக்கிழமை ஈன்றது. கிடாரிக் கன்று. உயிரில்லை.

மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று டாக்டரம்மா கேட்டிருந்தார். போரிலிருந்து. போரோ சாணம் கொட்டும் குப்பைக்குழியை ஒட்டி இருக்கிறது. தண்ணீரிலும் நைட்ரேட் இருந்தால் இரண்டும் சேர்ந்திருக்கும் என்றார். பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தோம். இதை எழுதும் நாள்வரை முடிவு வரவில்லை. கன்றைக் கொன்றது தட்டை மட்டும்தானா, தண்ணீருமா என்பதை உறுதிசெய்ய என்னிடம் எதுவும் இல்லை. வீட்டில் உலை வைப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.