எந்த வீட்டு வாய்

தோபா ஏரிக்கரைச் சந்தையில் சர்வோனோ படக்கடை போட்டு இருபத்திரண்டு வருடம். ஜாவாக்காரர், தனிக்கட்டை. எங்கள் பத்தாக் இனத்து ஊர்களில் கல்யாணமோ சாவோ, அவர் இல்லாமல் நடக்காது. ஆனால் விருந்தில் இறைச்சிப் பங்கை ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூவிக் கொடுக்கும்போது, அவரை யாரும் கூப்பிட்டதில்லை. குலமில்லாதவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது? கொட்டுக்காரர்களோடு ஓரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

யார் யாருக்குச் சால்வை போர்த்த வேண்டும், யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் எங்களில் பாதிப் பேரைவிட அவருக்குத் தெரியும். கேமராவுக்குள் பார்த்தே படித்துக்கொண்டார். எனக்கு அது அதிசயம்தான். நான் பெற்ற மகனுக்கே சித்தி யார், அத்தை யார் என்று தெரியாது.

போன ஜூலையில் அப்பா அம்மாவின் எலும்புகளை எடுத்துப் புதுக் கல்லறையில் வைக்க அண்ணன்மார் நாள் குறித்தார்கள். பெண் எடுத்த வீடு என்பதால் தண்ணீர், சமையல், எடுபிடி எல்லாம் நானும் என் வீட்டுக்காரர் தும்பாலும்தான். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு மிடுக்கெல்லாம் கிடையாது.

முதலில் அப்பாவைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் மண் சரிந்து, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு குழிகளின் சிலுவைகளும் எப்போதோ போய்விட்டன. தாய்மாமன் வீட்டார் மண்வெட்டியோடு காத்து நிற்க, பெரியண்ணன் இடப்பக்கம் என்றார், சின்னண்ணன் வலப்பக்கம் என்றார். அப்பா செத்தபோது நான் நிறைமாதம், அடக்கத்துக்கு என்னை விடவில்லை.

சர்வோனோ ஒரு பாறைமேல் ஏறிக் கேமராவைக் கண்ணில் வைத்தார். "ஐயாவ அந்தப் பலாக்கட்டைப் பக்கம் வச்சீங்க. நான் இங்க நின்னுதான் படம் எடுத்தேன்."

எங்கள் சடங்கில் இடமில்லாதவன் பேசினால் அது செத்தவருக்கே அவமானம். பெரியண்ணனின் முகம் கறுத்தது.

"நீ எந்த வீட்டு வாயால பேசுற?"

சர்வோனோ கேமராவை இறக்கினார். சடங்கைக் கெடுத்தவன் என்று பெயர் விழுந்தால் இனி எந்த வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள்.

தும்பால் வாயைத் திறக்கக் கூலி கேட்கிற ஆள். தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தார். "எங்க வீட்டு வாய்தான் மச்சான். என் தம்பி. இனிமே அப்படித்தான்."

பெரியண்ணன் மாமன் வீட்டாரைப் பார்த்தார். அவர்கள் தலையசைத்தார்கள். பலாக்கட்டைப் பக்கம் வெட்டினார்கள்.

இடுப்பளவு ஆழத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்தது. வீட்டில் பெட்டியை மூடுமுன் அப்பாவின் சட்டைப்பையில் நான் செருகியது, யாரிடமும் சொன்னதில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர் அன்றைக்குக் கால் வைத்த ஒரு பாறை, இத்தனை வருடம் கழித்து அப்பாவை எனக்குக் காட்டிவிட்டது.

மண்டையோட்டை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தோம். மஞ்சள் தண்ணீரில் கழுவ வேண்டும். பெரியண்ணன் மாப்பிள்ளை வீட்டாரைத் தண்ணீர் கேட்டுக் குரல் கொடுத்தார். சர்வோனோ தன் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"உன்னத்தான்டா," என்றார் பெரியண்ணன். "தண்ணி கொண்டா."

சர்வோனோ ஒரு கணம் விழித்தார். பிறகு கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "பாத்துக்குங்க அண்ணி," என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அதில் எதை அமுக்குவதென்று எனக்குத் தெரியாது. அப்பாவைக் கழுவியதற்கு எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. கேட்கிறவர்களிடம், அன்றைக்கு என் கொழுந்தனுக்கு வேலை இருந்தது என்கிறேன்.