பெயரை வெட்டிய பாட்டு

ட்ராய்லோவைத் தேடி என் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பு உடுத்தித்தான் வருவார்கள். செர்பியாவில், நெகோட்டின் ஊர்ச் சந்தையில், மீன்கடைக்கு எதிரே, நான் கேசட் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அவர் வீட்டில் தொலைபேசி இருந்தது. மணி அடித்தால் எடுக்க மாட்டார், அவ்வளவு சோம்பேறி. அதனால் செத்தவரின் பெயர், வயது, பெண்டாட்டி பிள்ளை விவரம் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லி அழுதுவிட்டுப் போவார்கள். நானும் சேர்ந்து அழுவேன். அழுதபடியே, கேசட்டைக் கிளப்பப் பார்க்கிற கைகள் மேலும் ஒரு கண் வைத்திருப்பேன்.

ட்ராய்லோ அக்கார்டியன் வாசித்துப் பாடுகிறவர். கல்யாணங்களுக்கும் போவார், ஆனால் பெயர் வாங்கியது செத்தவர்களுக்குக் கட்டிய பாட்டுகளால்தான். எங்கள் வ்லாஹ் ஜனங்கள் செத்தவர்களுக்கு எல்லாவற்றையும் படைப்போம். ரொட்டி, ஒயின், மெழுகுவர்த்தி, புதுச் சட்டை, உட்கார நாற்காலி, கேட்கப் பாட்டு. எதைப் படைத்தாலும் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இங்கே எங்களுக்கு, அங்கே இன்னாருக்கு என்று சொன்னால்தான் போய்ச் சேரும். பெயர் சொல்லாமல் வைத்த ரொட்டியை அந்தப் பக்கத்தில் கை நீளமானவன் எவனோ எடுத்துக்கொள்வான், நம் ஆள் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் ட்ராய்லோவின் பாட்டில் ஒவ்வொரு அடி முடிவிலும் செத்தவரின் பெயர் வரும். ஒருவருக்குப் பாடியதை இன்னொருவருக்குப் பாடச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பாட்டுக் கட்டுவதற்கு முன் செத்தவர் வீட்டில் ஒரு சாயங்காலம் போய் உட்காருவார். நல்ல குணங்களைப் பற்றிக் கேட்கவே மாட்டார். “அவனுக்கு என்ன புடிக்காது? யாரோட சண்ட போடுவான்?” என்றுதான் விசாரிப்பார். சில வீடுகளில் இதற்காகவே அவரை வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் சமாதானமாகி என் கடைக்கு ஆள் அனுப்புவார்கள்.

பெர்சிடாவின் மகன் ஸ்லாவிஷாவுக்கு அவர் கட்டியதுதான், என்னைக் கேட்டால், அவருடைய பாட்டுகளிலேயே சிறந்தது. பெர்சிடா எங்கள் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறவள், என் கடைக்குப் பக்கத்துக் கடை. மகன் வியன்னாவில் சுவர் பூசும் வேலை பார்த்தான். ஈஸ்டருக்கு ஊருக்கு வரும் வழியில், ஹங்கேரியில், வண்டி ஓட்டியபடியே தூங்கிப்போனான். முந்தின இலையுதிர் காலத்தில்தான் அவன் கல்யாணத்துக்கு ட்ராய்லோ வாசித்திருந்தார். பாட்டில் வண்டியைப் பற்றியோ சாலையைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. வாயில் வைத்துப் பார்க்காமலே சூப்பில் உப்புப் போட்டுக்கொள்வான் ஸ்லாவிஷா, அதற்காக அம்மா கரண்டியால் அடிப்பாள், இப்போது உப்பு டப்பா யாரும் தொடாமல் கிடக்கிறது, எடுத்துக்கோ ஸ்லாவிஷா என்று போகும். கடைசி அடியில் பெயரைச் சொல்லும்போது ட்ராய்லோவின் குரல் உடைந்துவிட்டது. ஒலிப்பதிவு செய்கிற மிலுட்டின், இன்னொரு தடவை பாடுங்கள் என்றான். “விடுடா, அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அக்கார்டியனைப் பெட்டியில் வைத்துவிட்டார்.

அதற்குள் கேசட் செத்து, குறுந்தகடும் செத்து, நான் செல்போன் உறை விற்க ஆரம்பித்திருந்தேன். ஸ்லாவிஷாவின் பாட்டை மிலுட்டின் நேராக இணையத்தில் ஏற்றினான். பெர்சிடா பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டே தினமும் போனில் அதைப் போட்டுக் கேட்பாள். வியன்னாவில் இருக்கிற எங்கள் ஜனம் பூராவும் கேட்டது. இணையத்தில் ஏறிவிட்டது, இனி எங்கே போய்விடப் போகிறது என்று யாரும் ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. மிலுட்டினின் கணினி ஒருநாள் புகை கக்கி அணைந்தபோதும் நாங்கள் கவலைப்படவில்லை.

அப்புறம் பெல்கிரேடிலிருந்து ஓர் இசை நிறுவனத்தின் ஆள் வந்தான். சின்ன வயசு, கூர் மூக்குச் செருப்பு, சந்தையின் மீன் நாற்றத்தையே அமுக்கிவிடும் அத்தர். ட்ராய்லோவின் பாட்டுகளை மொத்தமாக எடுத்து, காசு கட்டிப் பாட்டுக் கேட்கிற எல்லாச் செயலிகளிலும் போடுவோம் என்றான். என் கடை மேஜையில் வைத்துத்தான் பேச்சு நடந்தது.

“அண்ணே, உங்க பாட்டு இந்த ஆத்தங்கரையிலயே கெடந்து என்ன பிரயோஜனம்? உலகம் பூரா கேக்க வேணாமா?”

“உலகம் பூராவா?”

“உலகம் என்ன உலகம், இங்க பாருங்க.” ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் காட்டினான். ‘பிரபஞ்சம் முழுவதிலும்’ என்று அச்சில் இருந்தது.

ட்ராய்லோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “யெலென்கா, இதப் பாருடி. பிரபஞ்சமாம். அப்போ அந்தப் பக்கமும் சேத்திதான தம்பி?”

“எந்தப் பக்கம்ணே?”

“செத்தவங்க இருக்கிற பக்கம்டா.”

பையன் ஒரு கணம் முழித்தான். பிறகு சிரித்தான். “எல்லாப் பக்கமும் சேத்திதாண்ணே.”

“யோவ், முழுசாப் படிச்சிட்டுப் போடுய்யா,” என்றேன் நான். “அத்தர் பூசிக்கிட்டு மீன் சந்தைக்கு வர்றவன நம்பாத.”

“நீ கேசட்காரி. உனக்கு வயித்தெரிச்சல்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேறு எவனாக இருந்தாலும் பிரபஞ்சம் என்பதை வக்கீல் பேச்சு என்று தள்ளிவிட்டிருப்பான். இவர் ஒருத்தர்தான் அதை மனப்பூர்வமாக நம்பினார். தான் பாடிய பெயர்களெல்லாம் இனி அச்சுப் போட்ட உத்தரவாதத்தோடு அங்கே போய்ச் சேரும் என்று அன்றைக்கு எனக்கும் பெர்சிடாவுக்கும் பீர் வாங்கித் தந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வருகிறது, அழுகையும் வருகிறது.

அடுத்த குளிர்காலத்தில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மூச்சு விடக் கழுத்தில் ஓர் ஓட்டை. சிலருக்குப் பொருத்துகிற பேச்சுக் கருவி அவருக்குச் சேரவில்லை. வாயை மட்டும் அசைப்பார், நாங்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். சந்தைக்கு வருவதை மட்டும் விடவில்லை. என் கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, போன் உறை வாங்க வருகிற பெண்களை முறைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலை பெர்சிடா போனை நீட்டியபடி வந்தாள். “அக்கா, என் புள்ள பாட்டு வரமாட்டேங்குது. பாரேன், ஏதோ எழுதிக் காட்டுது.” வாங்கிப் பார்த்தேன். இந்தப் பாட்டின் உரிமை வேறொருவருக்கு உள்ளதால் நீக்கப்பட்டது என்று போட்டிருந்தது. வேறு இடங்களில் தேடினேன், எங்கும் இல்லை. எப்படி அவளிடம் சொல்வது என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே, அதே வாரத்தில், எதிர்வரிசையில் இறைச்சி சுடுகிற கடையில் அது கேட்டது. ட்ராய்லோவின் குரல், ட்ராய்லோவின் அக்கார்டியன், அதற்குக் கீழே யாரோ கதவை இடிப்பது மாதிரி ஒரு தாளம். உப்பு டப்பா வந்தது, கரண்டி வந்தது. எடுத்துக்கோ என்று வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பெயரை வெட்டியிருந்தார்கள்.

பெர்சிடா கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றாள். கடைக்குள் இரண்டு பையன்கள் தோளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ட்ராய்லோ ஸ்டூலிலிருந்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

அந்த அத்தர் பையனுக்கு நான்தான் போன் போட்டேன். ட்ராய்லோ தன் காதையும் போனில் ஒட்டிக்கொண்டார்.

“அக்கா, யாரு அந்த ஸ்லாவிஷா? கேக்கறவங்களுக்குத் தெரியாதுல்ல?” என்றான் அவன். “பேரு வர்ற எடத்துல எல்லாரும் அடுத்த பாட்டுக்குத் தாவிடறாங்க. எங்களுக்கு நொடி நொடியாத் தெரியுது. பேர எடுத்தோம், இப்போ யாரும் தாவறதில்ல. நல்லதுதான?”

“பழசத் திருப்பிக் குடுடா, அது செத்தவன் சொத்து.”

“எங்ககிட்ட ஒண்ணுமே இல்லக்கா. போன மாசமே எல்லாத்தையும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வித்தாச்சு.”

அந்த வெளிநாட்டு நிறுவனத்தில் பேசுவதற்கு மனிதர்கள் இல்லை. எழுதிப் போட்டால் நன்றி சொல்லி ஒரு பதில் வரும், அதோடு சரி. என் மகள் வியன்னாவிலிருந்து ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துவிட்டு, பாட்டு அவர்களுடையதுதான், பிரபஞ்சம் முழுவதிலும், என்றாள். அதைக் கேட்டு பெர்சிடா என்னிடம் கேட்டாள்: “அப்போ அங்கயும் அவனுங்களுக்குத்தானா அக்கா? என் புள்ள அவனுங்களக் கேட்டுக்கிட்டுதான் கேக்கணுமா?”

ஸ்லாவிஷாவின் ஏழாம் வருஷப் படையல் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களில் அதுதான் கடைசி. அன்றைக்குக் கொடுப்பதுதான் அவனிடம் நிலைக்கும், அப்புறம் தனியாகப் படைப்பது கிடையாது. அந்தப் பாட்டு இல்லாமல் அவனை அனுப்ப மாட்டேன் என்று பெர்சிடா ஒரே பிடியாக நின்றாள். வேறு பாடகரைக் கூப்பிடலாம் என்றேன். “அவன் கல்யாணத்துல பாடின வாய்தான் வேணும்,” என்றாள். ட்ராய்லோ கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மிலுட்டினிடம் போனார்.

மிலுட்டின் ஒரு வழி சொன்னான். ட்ராய்லோவின் பழைய பாட்டுகளைக் கணினிக்கு ஊட்டினால் அதுவே அவர் குரலில் எதை வேண்டுமானாலும் பாடும். கம்பெனி போட்ட பாட்டிலிருந்து தாளத்தை உருவி எடுத்துவிட்டு, வெட்டிய இடங்களில் பெயரை ஒட்டலாம். ட்ராய்லோ தலையாட்டினார். இரண்டு நாள் கழித்துப் போட்டுக் காட்டினான். அவரேதான், எழுந்து வந்து பாடுகிறார். ட்ராய்லோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், அவர் உதடு கூடவே அசைந்துகொண்டிருந்தது. முடிந்ததும் மிலுட்டினின் தோளைத் தட்டிக்கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

படையல் பெர்சிடாவின் வீட்டு முற்றத்தில், வால்நட் மரத்தடியில். நீள மேஜையின் தலைமாட்டில் ஸ்லாவிஷாவின் நாற்காலி, புதுச் சட்டை, முகம் பார்க்கும் கண்ணாடி, மெழுகுவர்த்தி. சுற்றிலும் உறவுக்காரர்கள். சூப் வைத்ததும் மிலுட்டின் ஒலிபெருக்கியைப் போட்டான். ட்ராய்லோவின் குரல் முற்றம் முழுக்க நிறைந்தது. பெண்கள் அழுதார்கள். எடுத்துக்கோ ஸ்லாவிஷா என்று வந்ததும் பெர்சிடா முகத்தை மூடிக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது என்று நானும் மூச்சு விட்டேன். கடைசி அடி வந்தது. பெயர் வந்தது, தெளிவாக, முழுசாக, மணி அடித்த மாதிரி.

பெர்சிடா கையை எடுத்தாள். “இது யாரு?” என்றாள்.

“ட்ராய்லோதான்டி,” என்றேன்.

“இல்ல. ட்ராய்லோ இந்த எடத்துல உடைஞ்சிடுவான். இவன் என் புள்ள பேர அழாம சொல்றான்.” மேஜைக்கு எதிரே இருந்தவரைப் பார்த்தாள். “ட்ராய்லோ, நீ சொன்னியா? உன் வாயால சொன்னியா?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு தலையாட்டல் போதும், அவள் நிம்மதியாகச் சாப்பாடு பரிமாறியிருப்பாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். மிலுட்டின் ஒலிபெருக்கியை அணைத்தான். சூப்பிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது, யாரும் கரண்டியைத் தொடவில்லை.

ட்ராய்லோ எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு காலி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். மேல்பொத்தானைக் கழற்றிக் கழுத்தைத் திறந்துவிட்டார். அக்கார்டியன் இல்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார். கழுத்து ஓட்டையில் காற்று சீறியது. உதடு அசைந்தது, மறுபடி அசைந்தது. நரம்பெல்லாம் புடைத்து, முகம் சிவந்து, அவர் பாட்டு முழுவதையும் பாடினார். ஒரு சத்தமும் இல்லை. உறவுக்காரர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி அடியில் அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கி மீசைக்குள் போயிற்று.

பெர்சிடா அவர் அருகே போய், அவர் உதட்டில் தன் காதை வைத்தாள். அவர் மறுபடி சொன்னார். அவள் வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்து, “சாப்பிடுங்க எல்லாரும், சூப் ஆறுது,” என்றாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். “பெர்சிடா, கேட்டுச்சாடி?”

“இல்லக்கா,” என்றாள் அவள். “ஒண்ணுமே கேக்கல. கழுத்துலருந்து காத்து மட்டும் சூடா வந்துச்சு. அவனுக்குக் கேட்டுச்சான்னு நான் யாருகிட்ட போய்க் கேக்க?”